'தனி ஆல்பம்' உண்மையில் தனி ஒருவருடையதா? ஜார்ஜ் ஹாரிசனின் பம்பாய் ஒலிப்பதிவு சொல்லும் கதை

மட்டாஞ்சேரி (கேரளம்): கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் மிளகு, சுக்கு மணத்துக்கு இணையாக நீண்ட காலமாக நிலைத்திருப்பது இந்துஸ்தானி இசை. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள் எனப் பல மொழி பேசும் சமூகங்கள் வணிகத்தின் பொருட்டு இங்கே குடியேறின. ஆர்மோனியமும் தபேலாவும் மெஹ்ஃபில் என்னும் இரவுநேர இசைக்கூடலும் ஊரின் வழக்கமாயின. 1954ஆம் ஆண்டு வெளியான 'நீலக்குயில்' திரைப்படத்தில் பாடிய மெஹபூப், 2018ஆம் ஆண்டு மறைந்த கஜல் பாடகர் உம்பாயி ஆகியோர் இந்தத் தெருக்கள் தந்த குரல்கள்.

இதே கொச்சி நகரம்தான் '13 ஏடி', 'மதர்ஜேன்' போன்ற ராக் இசைக் குழுக்களையும் நாட்டுக்கு அளித்தது. மதர்ஜேன் குழுவின் கிதார் கலைஞராக இருந்த பைஜு தர்மஜன், கர்நாடக இசையின் கமகங்களை மின்கிதாரில் ஒலிக்கச் செய்து கவனம் பெற்றார். பின்னர் குழுவிலிருந்து விலகித் தனிவழி கண்டார். ராக் இசையும் இந்திய இசையும் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் சந்திப்பது இன்றைய கொச்சி இளைஞர்களுக்குப் புதுமையன்று.

ஆனால் உலகப் புகழ்பெற்ற ராக் இசைக்கலைஞர் ஒருவர், தமது பெயரில் வெளிவரவிருந்த ஆல்பத்துக்காக இந்தியாவுக்கே வந்து, இந்தியக் கலைஞர்களுடன் ஒலிப்பதிவுக்கூடத்தில் அமர்ந்தது 58 ஆண்டுகளுக்கு முன்பு அரிய நிகழ்வு. 1968ஆம் ஆண்டு ஜனவரியில் பம்பாயில் அது நடந்தது. வந்தவர் பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன். ஆல்பத்தின் பெயர் 'வொண்டர்வால் மியூசிக்'. அந்த ஒலிப்பதிவுக்குத் தேவையான இயந்திரத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் கேரளத்தைச் சேர்ந்த ஒருவர்.

ஒரு 'தனி ஆல்பம்' எப்படி உருவாகிறது, அதில் 'தனி' என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதை அந்தச் சில நாள்களின் ஒலிப்பதிவைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

தனி ஆல்பம் என்றால் என்ன?

குழுவாக இயங்கும் இசைக்கலைஞர்களுள் ஒருவர், குழுவின் பெயரில் அல்லாமல் தம் பெயரில் வெளியிடும் இசைத்தொகுப்பே தனி ஆல்பம் எனப்படுகிறது. அதில் அவர் மட்டுமே பாடுகிறார் அல்லது வாசிக்கிறார் என்பது பொருளன்று. எந்தப் பாடல், எந்தக் கருவி, எவர் வாசிப்பது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளுக்குப் பொறுப்பு ஒருவருடையது என்பதே பொருள். குழுவில் நால்வர் சேர்ந்து எடுக்கும் முடிவை இங்கே ஒருவர் எடுக்கிறார்.

பீட்டில்ஸ் குழுவில் பெரும்பாலான பாடல்களை ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதிவந்தனர். ஹாரிசனுக்கு ஓர் இசைத்தட்டில் ஓரிரு பாடல்களுக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. மறுபுறம், 1965ஆம் ஆண்டிலேயே பீட்டில்ஸ் பாடலொன்றில் சிதார் வாசித்த அவர், 1966ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்து பண்டிட் ரவிசங்கரிடம் பயின்றிருந்தார். கற்றதைப் பயன்படுத்த ஒரு களம் அவருக்குத் தேவைப்பட்டது.

அந்தக் களம் ஒரு திரைப்படத்தின் வடிவில் வந்தது. ஜோ மாசோட் இயக்கிய 'வொண்டர்வால்' என்ற பிரிட்டிஷ் படம், தனிமையில் வாழும் விஞ்ஞானி ஒருவர் சுவரிலுள்ள துளை வழியே அடுத்த வீட்டுப் பெண்ணின் வாழ்வைப் பார்ப்பதைச் சொல்வது. படத்தில் உரையாடல் மிகக் குறைவு. ஆகவே கதையின் பெரும்பகுதியை இசையே தாங்க வேண்டியிருந்தது. ஹாரிசன் எதை உருவாக்கித் தந்தாலும் அதைப் பயன்படுத்துவதாக இயக்குநர் வாக்களித்தார். இவ்வளவு சுதந்திரம் ஹாரிசனுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

கையில் ஒரு நிறுத்துகடிகாரம்

திரைப்படத்துக்கு இசையமைத்த முன்அனுபவம் ஹாரிசனுக்கு இல்லை. படத்தைத் திரையிட்டுப் பார்த்து, இசை தேவைப்படும் ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் நிறுத்துகடிகாரம் கொண்டு அளந்து குறித்துக்கொண்டார். பிறகு ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் சென்று, அந்த அளவுக்குள் அடங்கும் இசைத்துண்டுகளை ஒவ்வொன்றாக உருவாக்கினார்.

1967ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் பணி தொடங்கியது. லிவர்பூல் நகரைச் சேர்ந்த 'ரெமோ ஃபோர்' குழு ராக் இசைப் பகுதிகளை வாசித்தது. பியானோ கலைஞர் ஜான் பார்ஹாம் இசைக்கோப்பில் உதவினார். ரவிசங்கரிடம் பயின்றவரும் மேலை இசைக்குறியீடுகளில் தேர்ந்தவருமான பார்ஹாம், இரு மரபுகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போலச் செயல்பட்டார்.

இந்திய இசைப்பகுதிகளை லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்களைக் கொண்டே முடித்திருக்கலாம். அதற்கு முந்தைய பீட்டில்ஸ் பாடல்களில் அவ்வாறுதான் நடந்தது. இம்முறை ஹாரிசன் இசை பிறந்த இடத்துக்கே செல்ல முடிவுசெய்தார். 1968 ஜனவரி 7 அன்று லண்டனிலிருந்து புறப்பட்ட அவர், 9ஆம் தேதி பம்பாயில் ஒலிப்பதிவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 24.

கல்கத்தாவிலிருந்து வந்த இயந்திரம்

பம்பாயின் கோட்டைப் பகுதியில், பிரோஸ்ஷா மேத்தா சாலையில் இருந்தது எச்எம்வி நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம். பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈஎம்ஐ நிறுவனத்தின் இந்தியக் கிளையே எச்எம்வி. ஆயினும் லண்டன் கூடத்துக்கும் பம்பாய்க் கூடத்துக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது.

லண்டனில் அப்போது நான்கு தட ஒலிப்பதிவு இயந்திரம் பயன்பாட்டில் இருந்தது. பம்பாயில் இருந்தது ஒற்றைத் தட இயந்திரம்.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதை விளக்க வேண்டும். காந்தப் பூச்சுள்ள ஒலிநாடா இயந்திரத்தின் ஊடே ஓடும்போது அதில் ஒலி பதிகிறது. நாடாவின் அகலத்தை ஒரு சாலையாகக் கொண்டால், தடம் என்பது அதிலுள்ள ஓர் ஓடுபாதை. ஒற்றைத் தட இயந்திரத்தில் எல்லாக் கருவிகளின் ஒலியும் ஒரே பாதையில் கலந்து பதியும். தபேலாவின் ஒலி மிகுந்துவிட்டால் பிறகு அதை மட்டும் குறைக்க வழியில்லை. மீண்டும் அனைவரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இரண்டு தடங்கள் இருந்தால் ஒலியை இடம், வலம் எனப் பிரித்துப் பதியலாம். நான்கு தடங்கள் இருந்தால் தாளத்தை ஒன்றிலும், கிதாரை மற்றொன்றிலும், குரலை வேறொன்றிலும் தனித்தனியே பதிந்து, பின்னர் அவற்றின் அளவைச் சரிசெய்து கலக்கலாம்.

ஸ்டீரியோ எனப்படும் இரு செவி ஒலியமைப்பில் ஆல்பம் வெளிவர வேண்டுமானால் குறைந்தது இரண்டு தடங்கள் தேவை. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர், இந்தியாவில் எச்எம்வி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய்த் தாள்களில் நிதித்துறைச் செயலராகக் கையொப்பமிட்ட கே.ஆர்.கே. மேனனின் மகன். நிறுவனத்தின் தலைமையிடமான கல்கத்தாவிலிருந்து இரு தட ஸ்டீரியோ இயந்திரமொன்றை ரயிலில் ஏற்றி பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார் அவர். பல ஆண்டுகள் கழித்தும் ஹாரிசன் இதை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இதே மேனன், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ரெகார்ட்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973ஆம் ஆண்டு ஆல்பத்தை அமெரிக்காவில் பெருவெற்றி பெறச் செய்தார். 1978ஆம் ஆண்டு ஈஎம்ஐ நிறுவனத்தின் உலகளாவிய இசைப்பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். 2021 மார்ச்சில் மறைந்தார். வொண்டர்வால் மியூசிக் ஆல்பத்தில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஆனால் அந்த ரயில் பயணம் இல்லையேல் ஆல்பத்தின் இந்தியப் பகுதி இன்று நாம் கேட்கும் வடிவில் இருந்திராது.

சாலை இரைச்சலும் இசையும்

இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் அறையை எங்கிருந்து கொண்டுவருவது? கூடத்தின் சுவர்கள் வெளி ஒலியை முழுமையாகத் தடுக்கவில்லை. கோட்டைப் பகுதி அலுவலகங்கள் நிறைந்தது. வாகன நெரிசல் மிகும் நேரங்களில் சாலையின் இரைச்சல் ஒலிவாங்கிகளுக்குள் புகுந்தது. இரைச்சல் அடங்கும் நேரம் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. இசைத்தட்டைக் கூர்ந்து கேட்டால் டாக்ஸிகள் செல்லும் ஒலி சில இடங்களில் கேட்கும் என்று ஹாரிசனே பின்னாளில் கூறினார்.

இத்தகைய அறையில் இரு தடங்களை மட்டும் வைத்துக்கொண்டு பணிபுரியும்போது, ஒலிக்கலவை என்பது பதிவுக்குப் பிறகு நடப்பதன்று. கலைஞர்கள் அமரும் இடமே கலவையைத் தீர்மானிக்கிறது. ஷெனாயின் ஒலி உரத்தது. சுமார் நூறு தந்திகள் கொண்ட சந்தூரின் ஒலி மெல்லியது. இரண்டும் ஒலிவாங்கியிலிருந்து ஒரே தொலைவில் இருந்தால் சந்தூர் காணாமல் போகும். எவர் முன்னே, எவர் பின்னே என்பதை வாசிப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். இதனால்தான் அக்காலத்தில் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைக்கப்படும் கலைஞருக்குத் திறமைக்கு நிகராக நிதானமும் தேவைப்பட்டது.

கூடியவர்கள் யார்?

ரவிசங்கரின் மாணவரும், 1966ஆம் ஆண்டு ஹாரிசனுக்குச் சிதார் பயிற்சியில் உதவியவருமான ஷம்பு தாஸ் இந்த முயற்சியில் துணைநின்றார். அறையில் கூடிய கலைஞர்களின் பட்டியல் இன்று படிப்பவரை வியக்க வைக்கும்.

சந்தூர் வாசித்தவர் சிவகுமார் சர்மா. காஷ்மீரத்தின் நாட்டுப்புறக் கருவியாகக் கருதப்பட்ட சந்தூரைச் செவ்வியல் மேடைக்கு உயர்த்தியவர். சரோத் வாசித்தவர் ஆஷிஷ் கான், உஸ்தாத் அலி அக்பர் கானின் மகன். தபேலாவும் பக்வாஜும் வாசித்தவர் மகாபுருஷ் மிஸ்ரா. ஷெனாயில் சரத் குமார், ஹனுமான் ஜாதவ் ஆகியோர். வில்லால் இழைத்து வாசிக்கப்படும் தார் ஷெனாயில் வினாயக் வோரா. சுர்பஹாரில் சந்திரசேகர் நாரிங்கிரேகர். புல்லாங்குழலில் எஸ்.ஆர். கேங்கரே. ஆர்மோனியத்திலும் தபேலா தரங்கிலும் ரிஜ்ராம் தேசாத்.

இவர்கள் வெளிநாட்டு நட்சத்திரம் ஒருவர் வந்து 'கண்டெடுத்த' கலைஞர்கள் அல்லர். சிவகுமார் சர்மாவும் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவும், கிதாரில் ராகம் வாசித்த பிரிஜ் பூஷண் காப்ராவும் சேர்ந்து உருவாக்கிய 'கால் ஆஃப் தி வேலி' என்ற ஆல்பத்தை எச்எம்வி 1967ஆம் ஆண்டே வெளியிட்டிருந்தது. மேலை நாட்டுக் கருவியான கிதாரை இந்திய ராகத்துக்குள் கொண்டுவரும் வேலையை இந்தியர்கள் தாமாகவே செய்துகொண்டிருந்த காலம் அது.

ஆயினும் ஹாரிசன் கேட்டது அவர்களுக்குப் புதிய சவால். ராகம் ஒன்றை அரை மணி நேரம் விரித்து வாசிக்கப் பழகியவர்கள், ஒரு காட்சியின் நீளத்துக்கேற்ப ஓரிரு நிமிடங்களில் ஓர் உணர்வைச் சொல்லி முடிக்க வேண்டும். அக்கால ஒலிப்பதிவுக்கூடங்களில் நாடா வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுவது வழக்கம். ஒரு நிமிட இசை என்பது 75 அடி நாடா. காட்சி எத்தனை அடியோ அத்தனை அடிக்குள் இசை முடிய வேண்டும்.

நாடாவில் பதிந்தவை

முடிவுற்ற ஆல்பத்தில் 19 இசைத்துண்டுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றைக் கூர்ந்து பார்த்தால், நெருக்கடிகளுக்கு நடுவே எடுக்கப்பட்ட முடிவுகள் புலப்படும்.

'லவ் சீன்' என்ற துண்டில் இரண்டு சரோத்கள் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்வதுபோல ஒலிக்கின்றன. இரண்டையும் வாசித்தவர் ஆஷிஷ் கான் ஒருவரே. முதலில் ஒரு பகுதியை வாசித்துப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே மறுபகுதியை வாசித்தார். மேற்பதிவு எனப்படும் இந்த முறை ராக் இசைக்கூடங்களில் அன்றாட வழக்கம். ஜுகல்பந்தி என்பது இருவர் எதிரெதிரே அமர்ந்து வாசிப்பது என்றே அறிந்த மரபில், ஒருவர் தம்முடனேயே ஜுகல்பந்தி செய்தது புதுமை. காதலர் இருவரின் உரையாடலாக அந்தக் காட்சிக்கு அது பொருந்தியது.

'கிரையிங்' என்ற துண்டில் தார் ஷெனாய் மட்டுமே துயரத்தைச் சுமக்கிறது. மனித அழுகைக்கு மிக அருகில் வரும் அதன் ஒலியே அங்கே போதுமானதாயிற்று. 'கத் கிர்வானி' தமிழ் வாசகர்களுக்குத் தனி ஆர்வம் தரும். கிர்வானி என்பது வேறொன்றுமன்று. கர்நாடக இசையின் 21ஆவது மேளகர்த்தாவான கீரவாணிதான். தெற்கிலிருந்து இந்துஸ்தானி இசைக்குச் சென்ற அந்த ராகம், வடக்கத்திய கலைஞர்களின் விரல்கள் வழியே லண்டன் இசைத்தட்டு ஒன்றில் இடம்பெற்றது.

'ஸ்கீயிங்' என்ற துண்டு லண்டனில் பதிவானது. அதில் ஒலிக்கும் கடுமையான மின்கிதார் எரிக் கிளாப்டனுடையது. இன்னும் சில துண்டுகளில் பம்பாயில் பதிந்த நாடாவும் லண்டனில் பதிந்த நாடாவும் வெட்டி ஒட்டப்பட்டு அல்லது ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கப்பட்டு ஒரே இசையாயின. கணினி இல்லாத அக்காலத்தில் வெட்டுதல் என்பது சவர அலகால் நாடாவை உண்மையாகவே வெட்டுவதைக் குறித்தது.

எஞ்சிய நேரத்தில் பிறந்த பாடல்

பம்பாயில் நேரம் எஞ்சியிருந்ததால், படத்துக்குத் தொடர்பில்லாத வேறு சில இசைத்துண்டுகளையும் ஹாரிசன் பதிவுசெய்தார். ஜனவரி 12 அன்று பதிவான ஒன்று 'தி இன்னர் லைட்' பாடலுக்கான பின்னணி இசை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் அதில் ஒலிக்கிறது.

அந்த இரு தட நாடா லண்டனுக்குச் சென்றது. அங்கே அது நான்கு தட நாடாவுக்கு மாற்றப்பட்டது. இதனால் காலியாகக் கிடைத்த தடங்களில், பிப்ரவரி 6 அன்று ஹாரிசன் தம் குரலைப் பதிந்தார். இறுதி வரிகளில் லெனனும் மெக்கார்ட்னியும் குரல் சேர்த்தனர். 1968 மார்ச்சில் 'லேடி மடோனா' இசைத்தட்டின் மறுபக்கத்தில் அது வெளியானது. ஹாரிசன் எழுதிய பாடல் ஒன்று பீட்டில்ஸ் குழுவின் சிங்கிள் இசைத்தட்டில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. தனி ஆல்பத்துக்காகச் சென்ற பயணம், குழுவுக்கும் ஒரு பாடலைத் தந்தது.

வொண்டர்வால் மியூசிக் 1968 நவம்பர் 1 அன்று பிரிட்டனில் வெளியானது. பீட்டில்ஸ் குழு தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஆல்பம் அதுவே. குழு உறுப்பினர் ஒருவரின் முதல் தனி ஆல்பம் என்றும் அது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. விற்பனையில் அது பெரிய வெற்றியன்று. ஆயினும் 1995ஆம் ஆண்டு ஒயாசிஸ் குழு வெளியிட்ட புகழ்பெற்ற பாடலுக்கு 'வொண்டர்வால்' என்ற தலைப்பு இந்த ஆல்பத்திலிருந்தே கிடைத்தது.

பெயர் ஏன் முக்கியம்?

இந்த ஆல்பத்தின் உறையில் பம்பாய்க் கலைஞர்களின் பெயர்களும் அவர்கள் வாசித்த கருவிகளும் அச்சிடப்பட்டன. இன்று இது இயல்பானதாகத் தோன்றலாம். அன்று அவ்வாறில்லை. 1966ஆம் ஆண்டு வெளியான பீட்டில்ஸ் ஆல்பத்தின் உறையில் தபேலா கலைஞர் அனில் பகவத்தின் பெயர் இடம்பெற்றது விதிவிலக்கு. 1967ஆம் ஆண்டு வெளியான அவர்களின் புகழ்பெற்ற 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தில் தில்ரூபாவும் தபேலாவும் தம்பூராவும் வாசித்த இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் இல்லை. அவர்கள் யார் என்பதை ஆய்வாளர்கள் பிற்காலத்தில் தேடிக் கண்டறிய வேண்டியிருந்தது.

பெயர் விடுபடுவது இந்தியர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஒப்பந்தக் கட்டுப்பாடுகளால் வேறொரு நிறுவனத்தின் கலைஞர் உண்மைப் பெயரில் தோன்ற முடியாத நிலை அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. வொண்டர்வால் மியூசிக்கில் கிளாப்டன் 'எடி கிளேட்டன்' என்ற புனைபெயரால் அறியப்படுகிறார். ஹாரிசனின் 1970ஆம் ஆண்டு ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு ஒன்றில் காங்கோ மேளம் வாசித்த 19 வயது இளைஞர், ஆல்பம் வெளியானபோது அதில் தம் பெயர் இல்லாததைக் கண்டார். அந்த இளைஞர் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஃபில் காலின்ஸ். அவரால் அதை நகைச்சுவையாகச் சொல்ல முடிந்தது. பெயர் பெறாமலேயே போன மேளக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தியாவின் ஒலிப்பதிவு வரலாறே ஒரு பெயரோடுதான் தொடங்குகிறது. 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தம் பெயரை உரக்கச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு இசைத்தட்டுகளாக அச்சிடப்பட்டன. அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர்கள் பாடியவரை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பெயர் ஒலியோடு கலந்துவிட்டதால் இன்றுவரை அழியவில்லை.

சட்டமும் இப்போது இதைக் கவனத்தில் கொண்டுள்ளது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு நிகழ்த்துகலைஞர் தாம் நிகழ்த்தியதற்கு உரியவராக அடையாளம் காட்டப்படக் கோரும் உரிமை பெற்றிருக்கிறார். பயன்பாட்டின் தன்மையால் பெயரைக் குறிப்பிட இயலாத சூழல்கள் இதற்கு விலக்கு. தம் நிகழ்த்துகை வணிகநோக்கில் பயன்படுத்தப்படும்போது உரிமைத்தொகை பெறவும் சட்டம் வழிசெய்கிறது. எவர் வாசித்தார் என்ற பதிவே இல்லையெனில், இந்த உரிமைகளைக் கோருவது கடினம்.

தமிழ்ச் சூழலில்

தமிழ் ரசிகர்களுக்கு இந்தக் கதை வேறொரு வகையிலும் நெருக்கமானது. திரைப்படத்துக்கு வெளியே இளையராஜா தம் பெயரில் உருவாக்கிய 'ஹவ் டு நேம் இட்' 1986ஆம் ஆண்டு வெளியானது. அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 1988ஆம் ஆண்டு வெளியான 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தின் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவுடையது. பம்பாயில் ஹாரிசனுக்காக வாசித்த அதே கலைஞர், 20 ஆண்டுகள் கழித்து இளையராஜாவின் இசையில் வாசித்தார். அந்த ஆல்பங்கள் இளையராஜாவினுடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைக் கேட்டவர் எவரும் அந்த வயலினையும் அந்தப் புல்லாங்குழலையும் மறந்திருக்க மாட்டார்.

இன்றைய நிலை

தடங்களின் பஞ்சம் இன்று தீர்ந்துவிட்டது. மடிக்கணினியில் இயங்கும் ஒலிப்பதிவு மென்பொருளில் நூற்றுக்கணக்கான தடங்களை உருவாக்கலாம். கல்கத்தாவிலிருந்து ரயிலில் வர வேண்டிய இயந்திரத்தைவிடத் திறன் மிக்கது இன்று ஒரு கல்லூரி மாணவரின் பையில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் ஓர் அறையில் கிதார் வாசிப்பவர், சென்னையில் இருக்கும் மிருதங்கக் கலைஞரிடமிருந்து இணையம் வழியே தாளப்பகுதியைப் பெற்று, ஒரே இரவில் பாடலை முடிக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் நேரில் சந்திக்க வேண்டிய தேவையும் இல்லை.

இந்த எளிமையில் ஓர் இழப்பும் இருக்கிறது. அனைவரும் ஓர் அறையில் அமர்ந்து, ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் வாசித்த காலத்தில், ஆல்பத்துக்குப் பெயர் தந்தவருக்குத் தம்முடன் வாசித்த ஒவ்வொருவரின் முகமும் தெரிந்திருந்தது. கோப்புகளாக வந்து சேரும் இசைக்கு முகம் இல்லை. கோப்பின் பெயரை மாற்றிச் சேமிக்கும்போதே வாசித்தவரின் பெயரும் போய்விடக்கூடும்.

மட்டாஞ்சேரிக்கு இந்த இழப்பு புதிதன்று. திருமண வீடுகளிலும் மெஹ்ஃபில்களிலும் மெஹபூப் பாடிய பல பாடல்கள் இசைத்தட்டுக்குள் செல்லாமல், கேட்டவர்களின் வாய்வழியே நிலைத்தவை. அந்த இரவுகளில் அவருக்கு ஆர்மோனியமும் தபேலாவும் வாசித்தவர்களின் பெயர்கள் முதியவர்கள் சிலரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

பாடல்களைச் செயலிகளில் கேட்பவர்களுக்கு ஒரு சிறு வசதி உண்டு. பல செயலிகளில் பாடலின் பக்கத்திலேயே அதில் பங்காற்றியோரின் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். 'தனி ஆல்பம்' என்று விளம்பரப்படுத்தப்படும் அடுத்த தொகுப்பைக் கேட்கும்போது அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பது பயனுள்ளது. வொண்டர்வால் மியூசிக்கின் பட்டியலைத் திறந்தால், அட்டையில் உள்ள ஒரு பெயருக்குப் பின்னால் சந்தூர், சரோத், ஷெனாய், சுர்பஹார், தபேலா என ஓர் அறை நிறையக் கலைஞர்கள் அமர்ந்திருப்பது தெரியும்.